ஈரமும் எடையும் கழித்த பிறகு

சென்ற ஐப்பசியில், மூன்று நாள் விடாமல் பெய்த மழை ஓய்ந்து வெயில் எட்டிப் பார்த்த ஒரு காலையில், குன்னூரில் நான் வழக்கமாகப் போகும் பழைய இரும்புக் கடையில், உடைந்த மிக்சிகளுக்கும் துருப்பிடித்த குழாய்த் துண்டுகளுக்கும் அடியிலிருந்து ஒரு தோல் உறையை உருவி எடுத்தேன். உறையின் மேல் பூஞ்சணம் அரிசி மாவு தூவியதுபோல் படிந்திருந்தது. உள்ளே இருந்தது யாஷிகா எலக்ட்ரோ 35. ஜப்பானில் 1966-இல் விற்பனைக்கு வந்த கேமரா வகை அது. பிலிம் சுருளை நகர்த்தும் நெம்பை இழுத்துச் சுற்றிக் காதருகே வைத்துக் கேட்டேன். ‘டொக்’ என்று ஒரு சிறு ஓசை வந்தது. இந்தக் கேமராவின் உள்ளே ஒரு சின்ன ரப்பர்த் துண்டு உண்டு. காலப்போக்கில் அது உருகிப் போனால் இந்த ஓசை நின்றுவிடும், ஓசை நின்ற கேமராவில் ஒளி அளவும் தவறாகிவிடும். அடுத்து, சட்டைப் பையில் எப்போதும் வைத்திருக்கும் சிறு டார்ச்சை எடுத்து லென்சுக்குள் வெளிச்சம் பாய்ச்சினேன். தூசி இருந்தது; பூஞ்சை இழை இல்லை. அந்த நொடியில் என் முகம் மலர்ந்திருக்க வேண்டும்.

“எடைக்குத்தான் சார் எடுத்தது. ஆனா உங்க முகத்தைப் பார்த்தப்புறம் எடைக்குக் குடுக்க மனசு வரல” என்றார் கடைக்காரர்.

“பாய், மூஞ்சிக்கு விலை போட்டா நான் எங்கே போறது?” என்றேன். 1,400 ரூபாய்க்கு முடிந்தது. டார்ச் அடித்துப் பார்ப்பதற்கு முன்பே விலை கேட்டிருந்தால் 500-க்குக் கிடைத்திருக்கும். இத்தனை ஆண்டு அனுபவத்துக்குப் பிறகும் இந்தத் தவறை நான் செய்கிறேன்.

பழைய பொருள்களைத் தேடி வாங்கி, இணைய ஏலத்தில் விற்று, அதில் ஓரளவு வருமானமும் பார்க்கும் இந்தத் தொழிலுக்கு நான் வந்தது தேயிலை வழியாகத்தான். குன்னூரில் தேயிலை ஏலம் 1963-இல் தொடங்கியது. வாரந்தோறும் வியாழனன்று இலைத் தேயிலையும் வெள்ளியன்று தூள் தேயிலையும் ஏலத்துக்கு வரும். அங்கே ஒரு தரகு அலுவலகத்தில் விலைப்பட்டியல் தயாரிக்கும் மேசையில் நான் இருபத்திரண்டு ஆண்டுகள் உட்கார்ந்திருந்தேன். ஏலத்துக்கு முன்பே ஒவ்வொரு சரக்கின் மாதிரியையும் சுவைத்துப் பார்த்து, போன வாரம் அதே தரம் என்ன விலைக்குப் போனது என்பதை வைத்து ஒரு மதிப்பு எழுதுவார்கள். தோட்டக்காரர் எவ்வளவு செலவு செய்தார், அவருக்கு எவ்வளவு வேண்டும் என்பதெல்லாம் அந்த மதிப்பில் வராது. விலை போகாத சரக்கு ‘அவுட்’ என்று ஒதுக்கப்பட்டு, மறு ஏலத்துக்குக் குறைந்த மதிப்போடு திரும்பி வரும். பொருளின் விலை என்பது கடைசியாக ஒருவர் உண்மையிலேயே பணம் எடுத்து வைத்த விலைதான் என்ற எண்ணம் அந்த மேசையில்தான் எனக்குள் ஊறியது.

இடையில் ஒரு சொல். ஏலம் என்பதற்குத் தமிழில் இரண்டு பொருள் உண்டு. மலைக்காரர்களான நமக்கு இரண்டும் பழக்கம். மணக்கும் ஏலம் நம்முடையது. கூவி விற்கும் ஏலம் போர்த்துக்கீசியரின் ‘லெய்லாவ்’ என்ற சொல்லிலிருந்து வந்தது. முதலாவதைப் பயிரிட நிலம் வேண்டும். இரண்டாவதற்குப் பொறுமை வேண்டும் என்று என் மனைவி சொல்வாள். என்னிடம் இரண்டும் குறைவு என்பதும் அவளுடைய கருத்து.

புதிதாக இதில் இறங்குபவர்கள் முதலில் தவறுவது விலையைப் பார்க்கும் இடத்தில்தான். ஒரு பழைய மண்ணெண்ணெய் அழுத்த அடுப்போ பேனாவோ கையில் கிடைத்ததும் இணையத்தில் தேடுகிறார்கள். யாரோ 25,000 ரூபாய் என்று போட்டிருப்பதைக் காண்கிறார்கள். தம்மிடம் இருப்பதும் அதே விலை பெறும் என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். அது கேட்கும் விலை. அந்தப் பொருள் மூன்று ஆண்டுகளாக அங்கேயே கிடக்கலாம். ஈபே தளத்தின் தேடலில் விற்று முடிந்தவற்றை மட்டும் காட்டும் வடிகட்டி ஒன்று உண்டு. ஏறத்தாழ மூன்று மாதங்களில் அதே பொருள் உண்மையில் எந்த விலைக்குக் கைமாறியது என்பதை அதில் காணலாம். அதைப் பார்க்காமல் நான் எதையும் வாங்குவதில்லை. விற்றவற்றின் எண்ணிக்கையையும் விற்கக் காத்திருப்பவற்றின் எண்ணிக்கையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது அதைவிட முக்கியம். நாற்பது பேர் விற்கக் காத்திருக்கும் பொருளில் மூன்றுதான் விற்றிருக்கிறது என்றால், நான் நாற்பத்தோராவது ஆளாகப் போய் நிற்பதில் பயனில்லை. கடையில் நின்றுகொண்டே இதைக் கைப்பேசியில் பார்த்துவிடலாம். என்ன, விற்பவருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்று பார்க்க வேண்டும்.

ஈபேயைப் பற்றிப் பேசுவதால் இதையும் சொல்லிவிடுகிறேன். 1995-இல் அமெரிக்காவில் ஆக்‌ஷன்வெப் என்ற பெயரில் தொடங்கிய தளம் அது. அதில் முதலில் விற்ற பொருள் உடைந்துபோன ஒரு லேசர் சுட்டி, விலை 14.83 டாலர். உடைந்ததையும் தேடி வாங்க உலகில் ஒருவர் இருக்கிறார் என்ற இந்தச் செய்திதான் இந்தத் தொழிலுக்கே கடைக்கால் என்று எனக்குத் தோன்றும். பாஸி என்ற இந்தியத் தளத்தை 2004-இல் வாங்கி அவர்கள் இங்கே நடத்திய பிரிவு, 2018 ஆகஸ்ட் 14-ஆம் நாள் மூடப்பட்டது. இப்போது இங்கிருந்து நாம் அந்தத் தளத்தில் விற்பது வெளிநாட்டாருக்குத்தான். உள்நாட்டில் ஏலம் என்பது பெரும்பாலும் பேஸ்புக்கிலும் வாட்ஸ்அப்பிலும் இயங்கும் சேகரிப்பாளர் குழுக்களுக்கு நகர்ந்துவிட்டது. கடிகாரத்துக்கு ஒரு குழு, மைப்பேனாவுக்கு ஒரு குழு, தபால்தலைக்கு ஒரு குழு என்று இருக்கின்றன. படத்துக்குக் கீழே கருத்தாக விலையை எழுதி ஏலம் கேட்கிறார்கள்.

மலையில் பழைய பொருள் எங்கிருந்து வருகிறது என்று கேட்டால், புறப்படுகிறவர்களிடமிருந்து என்பதே விடை. இங்கே யாராவது ஒருவர் எப்போதும் மூட்டை கட்டிக்கொண்டிருப்பார். வெலிங்டனில் 1947 முதல் படைத்துறைப் பணியாளர் கல்லூரி இருக்கிறது. ஒவ்வொரு தொகுதி அதிகாரிகளும் ஓராண்டுக்கும் சற்றுக் குறைவாகத் தங்கிப் படித்துவிட்டுச் சித்திரை வாக்கில் குடும்பத்தோடு கிளம்புவார்கள். அப்போது விலைக்கு வரும் அறை ஹீட்டர்களும் குழந்தை வண்டிகளும் மிதிவண்டிகளும் இணைய ஏலத்துக்கானவை அல்ல. ஆனால் சித்திரையில் 600 ரூபாய்க்கு வாங்கிய ஹீட்டர், தென்மேற்குப் பருவமழை இறங்கி அடுத்த தொகுதியினர் குளிரில் நடுங்கத் தொடங்கும் ஆனியில், உள்ளூரிலேயே 1,300 ரூபாய்க்குப் போகும். கையில் முதல் இல்லாத காலத்தில் நான் முதல் சேர்த்தது இந்த ஹீட்டர்களில்தான். அதற்கு அஞ்சல் செலவும் இல்லை, ஆங்கிலத்தில் வருணனை எழுதும் தொல்லையும் இல்லை.

ஊட்டியில் 1960-இல் நிறுவப்பட்ட இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் தொழிற்சாலை நொடித்துப் படிப்படியாக ஓய்ந்தபோது, அங்கே வேலை பார்த்தவர்களின் வீடுகளிலிருந்து வேறு வகைப் பொருள்கள் வெளிவந்தன. ‘இந்து’ என்று அச்சிட்ட காலாவதியான சுருள்கள், படம் அச்சிடும் புரோமைடு தாளின் பிரிக்காத பெட்டிகள், படம் பெரிதாக்கும் கருவிகள் எல்லாம் சில ஆண்டுகள் எடைக்குப் போயின. காலாவதியான சுருளில் விழும் மங்கலையும் புள்ளிகளையும் விரும்பிப் படம் எடுப்பவர்கள் உலகெங்கும் இருக்கிறார்கள் என்று எனக்குத் தெரிய வந்தபோது பெரும்பகுதி போய்விட்டிருந்தது. பிரிக்காத பெட்டியைப் பிரித்துப் பார்க்கக் கூடாது என்பதையும் ஒரு பெட்டியைப் பிரித்துப் பார்த்த பிறகுதான் அறிந்தேன். வெளிச்சம் பட்ட தாளை யார் வாங்குவார்கள்?

மூன்றாவது வழி தோட்டத்துப் பங்களாக்கள். ஒரு பங்களாவைக் காலி செய்கிறார்கள் என்றால் முதலில் பெரிய வியாபாரிகள் வந்து தேக்கு அலமாரிகளையும் ஊஞ்சலையும் ஏற்றிப் போய்விடுவார்கள். எஞ்சும் சமையலறைச் சாமான்களிலும் மேசை இழுப்பறைகளிலும்தான் என்னைப் போன்றவர்களுக்கு வேலை. பீங்கானை எடுத்தால் முதலில் கவிழ்த்துத்தான் பார்க்க வேண்டும். அமெரிக்காவின் 1890-ஆம் ஆண்டுச் சுங்கச் சட்டத்துக்குப் பிறகு, அந்நாட்டுக்குப் போகும் பண்டங்களில் செய்த நாட்டின் பெயரைப் பொறிப்பது கட்டாயமாயிற்று. ஆகவே தட்டின் அடியில் ‘இங்கிலாந்து’ என்று இருந்தால் பெரும்பாலும் 1891-க்குப் பிற்பட்டது. ஜப்பானியப் பீங்கானில் 1921 வரை ‘நிப்பான்’ என்றும் அதன்பின் ‘ஜப்பான்’ என்றும் இருக்கும். போருக்குப் பின் அமெரிக்கப் படை அங்கே இருந்த காலத்தில், 1947 முதல் 1952 வரை, ‘ஆக்குபைடு ஜப்பான்’ என்று பொறித்தார்கள். இந்த ஒரு சொல்லுக்காகவே சேகரிப்பவர்கள் உண்டு. கவிழ்த்துப் பார்த்த பிறகு விரல் நகத்தால் விளிம்பை ஒருமுறை சுற்றி வர வேண்டும், ஒருமுறை சுண்டியும் பார்க்க வேண்டும். கண்ணுக்குத் தெரியாத மயிரிழை விரிசலைச் செவி கண்டுபிடித்துவிடும். முழுக் கோப்பை ‘கிணிங்’ என்னும், விரிசல் விட்டது ‘தொப்’ என்னும்.

மேல் குன்னூரில் எண்பது வயதைக் கடந்த ஓர் அம்மா, பெங்களூரில் இருக்கும் மகன் வீட்டுக்குப் போவதற்கு முன் என்னை அழைத்தார். பிஸ்கட் டின் ஒன்றில் நூல்கண்டுகளோடும் பொத்தான்களோடும் ஒரு பார்க்கர் 51 கிடந்தது. 1941-இல் விற்பனைக்கு வந்த பேனா வகை அது. முள் வெளியே தெரியாதபடி மூடியிருப்பதால் தெரியாதவர்கள் மட்டமான பேனா என்று எண்ணிவிடுவார்கள். “டின்னோட எடுத்துக்கோங்க, ஐம்பது ரூபாய் குடுங்க” என்றார் அந்த அம்மா. அந்தப் பேனா என்ன விலைக்குப் போகும் என்பதைச் சொல்லி, விற்று வருவதில் பாதியைத் தருகிறேன் என்றேன்.

“இவ்வளவு தெரிஞ்சவர் எங்கிட்ட எதுக்குச் சொல்றீங்க?”

“பக்கத்து வீட்டு அம்மாவும் நாளைக்கு என்னைக் கூப்பிடணும் இல்லீங்களா?”

அவர் சிரித்தார், ஆனால் நான் சொன்னது கணக்குத்தான். மலையில் ஆள் குறைவு, பேச்சு அதிகம். ஒரு வீட்டில் ஏமாற்றினால் ஒன்பது வீட்டுக் கதவு சாத்தப்படும். அந்தப் பேனாவில் எனக்குக் கிடைத்தது 2,300 ரூபாய். அந்த அம்மா சொல்லி அதன்பின் திறந்த மூன்று வீடுகளில் கிடைத்ததை நான் தனியாகக் கணக்கு வைக்கவில்லை.

ஏமாந்த கதையும் சொல்ல வேண்டும் அல்லவா? கோத்தகிரி பக்கம் ஒரு பங்களாவில் தேநீர்க் கெண்டி, காப்பிக் கெண்டி, பால் குவளை, சர்க்கரைக் கிண்ணம் என்று நான்கு உருப்படி, கறுத்துப் போய்க் கிடந்தன. வெள்ளிதான் கறுக்கும் என்பது நம் பாட்டிமார் சொல்லித் தந்த பாடம். அடியில் சின்னச் சின்னக் கட்டங்களுக்குள் எழுத்துகள் வேறு இருந்தன. மற்றொரு வியாபாரி வாசலில் நின்றுகொண்டிருந்த பதற்றத்தில் 11,000 ரூபாய் கொடுத்து வாங்கிவிட்டேன். ஊருக்கு வந்து நகைக்கடைக்காரர் ஒருவரிடம் காட்டினால், உரைகல்லில் ஒரே ஒரு கோடு போட்டுவிட்டு, “மேலே மட்டும்தான் வெள்ளி” என்று திருப்பிக் கொடுத்தார். கட்டங்களுக்குள் இருந்த எழுத்துகள் இ.பி.என்.எஸ்.; அதாவது நிக்கல் கலந்த உலோகத்தின் மேல் மின்முறையில் ஏற்றிய வெள்ளிப் பூச்சு. ஆங்கிலேயச் சுத்த வெள்ளியில் நடக்கும் சிங்கத்தின் முத்திரை இருக்கும் என்பதைப் படித்து வைத்திருந்தேன். படித்தது, வாசலில் நின்ற ஆளைப் பார்த்ததும் மறந்துவிட்டது. அந்த வீட்டார் என்னை ஏமாற்றவில்லை. அவர்கள் வெள்ளி என்று சொல்லவே இல்லை.

கடிகாரத்தில் வேறு வகை ஏமாற்றம். எச்.எம்.டி. நிறுவனம் ஜப்பானின் சிட்டிசனோடு சேர்ந்து 1961-இல் பெங்களூரில் கைக்கடிகாரத் தொழிற்சாலையைத் தொடங்கியது. சாவி கொடுக்கும் ஜனதாவும் பைலட்டும் நம் அப்பாக்கள் கையில் ஓடிய கடிகாரங்கள். வெளிநாட்டுச் சேகரிப்பாளர்களும் இப்போது அவற்றைத் தேடுகிறார்கள். தேவை வந்ததும் பழைய இயந்திரத்தின் மேல் புதிதாக வண்ணம் பூசிய முகப்பைப் பொருத்தி விற்பதும் பெருகிவிட்டது. அவற்றுக்குச் சேகரிப்பாளர்கள் வைத்திருக்கும் பட்டப்பெயர் ‘மும்பை ஸ்பெஷல்’. பன்னிரண்டு கடிகாரங்களை ஒரே கட்டாக இணையத்தில் ஏலம் எடுத்தேன். வந்து சேர்ந்ததைப் பூதக்கண்ணாடியில் பார்த்தால் ஒன்பது அந்த வகை. எழுத்தின் விளிம்பு மை பரவியதுபோல் தடித்திருந்தது, நிமிடக் கோடுகள் முள்ளின் நுனியோடு ஒத்துப்போகவில்லை. ஆரஞ்சும் கிளிப்பச்சையுமாக இருந்த நிறங்களும் சந்தேகத்தைக் கூட்டின. மறுபூச்சு முகப்பு என்று வெளிப்படையாக எழுதி, வாங்கிய விலைக்கே விற்றுத் தீர்த்தேன். ரூர்க்கியில் இன்றும் புதிதாகச் செய்து, லண்டன் பெயரும் பழைய ஆண்டும் பொறித்து வரும் பித்தளைத் திசைகாட்டிகளும் தொலைநோக்கிகளும் அப்படித்தான். அழகான பொருள்கள், அவற்றை அழகுக்காக வாங்குவதில் தவறில்லை.

ஆனால் போலியைவிட எனக்கு அதிக நட்டம் தந்தது இந்த மலையின் ஈரம். ஊட்டியிலும் குன்னூரிலும் ஆண்டில் பாதி நாள் மூடுபனி வீட்டுக்குள் வந்து உட்கார்ந்துகொள்கிறது. தோல் பச்சை பிடிக்கும், புத்தகத் தாளில் பழுப்புப் புள்ளி விழும், இசைத்தட்டின் உறை ஒட்டிக்கொள்ளும். எல்லாவற்றிலும் மோசமானது லென்சுக்குள் வளரும் பூஞ்சை. வெறுங்கண்ணுக்குத் தெரியாது, டார்ச் வெளிச்சம் சாய்வாகப் பாயும்போது மட்டும், ஓரத்திலிருந்து நடுவை நோக்கிச் சிலந்தி நூல் கிளைவிட்டதுபோல் தெரியும். அது தொடக்க நிலையில் இருந்தால் துடைத்துவிடலாம். கண்ணாடியின் பூச்சை அரித்துவிட்டால் தடம் போகாது. அதனால் பூஞ்சை கண்ட பொருளை மற்றவற்றோடு ஒருபோதும் வைப்பதில்லை. என் இரும்பு அலமாரியின் கீழ்த்தட்டில் பழைய குண்டு பல்பு ஒன்று இரவும் பகலும் எரிகிறது. இந்த மலையில் துணி அலமாரிக்குச் செய்யும் அதே ஏற்பாடு. பக்கத்தில் ஈரப்பதமானி ஒன்று தொங்குகிறது. ஐம்பது விழுக்காட்டை ஒட்டி நிற்கும்படி பார்த்துக்கொள்கிறேன். மிகவும் வறண்டாலும் ஆபத்து. மரப் பெட்டிகள் வெடித்துவிடும்.

வாசனையைப் பற்றி வருணனையில் எழுதாத விற்பனையாளர்கள் பலர். புகைப்படத்தில் வராத குறை அதுதான். பெட்டியைத் திறந்ததும் வாங்கியவரின் மூக்கில் ஏறும் குறையும் அதுதான். ஈரவாடை உண்டு என்றால் உண்டு என்று எழுதிவிடுவேன். அப்படி எழுதியதால் விலை குறைந்திருக்கலாம், திருப்பி அனுப்பப்பட்ட பொருள் எனக்கு இதுவரை இரண்டே இரண்டு.

இனி ஏலத்தின் நடைமுறை. ஈபேயில் ஒருவர் தாம் தரக்கூடிய உச்ச விலையை இரகசியமாகப் பதிந்துவிடலாம். எதிராளியை மிஞ்சத் தேவையான அளவு மட்டும் தளமே ஏற்றிக்கொண்டு போகும். ஆகவே குறைந்த தொடக்க விலை வைத்தால் ஆட்கள் மொய்ப்பார்கள், விலை தானாக ஏறும் என்பது பாதி உண்மை. அந்தப் பொருளை உண்மையாக விரும்பும் இருவராவது அந்த வாரம் இருந்தால்தான் விலை ஏறும். ஒருவரே இருந்தால் தொடக்க விலைக்கே எடுத்துப் போய்விடுவார். ஒரு பழைய நில அளவைப் பெட்டியை ஒரு டாலரில் தொடங்கி நான்கு டாலருக்கு இழந்தவன் என்ற முறையில் சொல்கிறேன். எல்லோரும் அறிந்த கேமரா, பேனா போன்றவற்றுக்கு ஏலம். ஆயிரத்தில் ஒருவர் தேடும் பொருளுக்கு நிலைவிலை வைத்துக் காத்திருத்தல். முடியும் நேரமும் முக்கியம். அமெரிக்காவில் ஞாயிறு மாலை ஆட்கள் ஓய்வாக இருக்கும் பொழுது. அவர்களுடைய மேற்குக் கரையில் கோடைக்காலத்து ஞாயிறு மாலை ஆறு மணி என்பது நமக்குத் திங்கள் காலை ஆறரை. ஏழு நாள் ஏலத்தைத் திங்கள் காலை காப்பிக்கு முன் தொடங்கிவிட்டால் அதே நேரத்தில் முடியும். கடைசி நொடியில் பாய்ந்து ஏலம் கேட்பவர்களை அங்கே தடுக்க முடியாது. நம் பேஸ்புக் குழுக்களில், கடைசி ஐந்து நிமிடத்தில் யாராவது விலை ஏற்றினால் இன்னும் ஐந்து நிமிடம் நீளும் என்று விதி வைத்திருக்கிறார்கள். விற்பவனுக்கு அது நல்லது, தூக்கம்தான் கெடும்.

வெளிநாட்டுக்கு அனுப்ப, வெளிநாட்டு வணிகத் தலைமை இயக்குநரகத்திடம் ஏற்றுமதியாளர் குறியீட்டு எண் பெற வேண்டும். இணையத்தில் விண்ணப்பிக்கலாம், கட்டணம் 500 ரூபாய். அஞ்சல் துறையின் தடமறியும் சிறு பொதிச் சேவையில் இரண்டு கிலோவுக்கு உட்பட்ட பொதிகளையே நான் அனுப்புகிறேன். அந்த இரண்டு கிலோதான் என் தொழிலின் எல்லைக்கோடு. பித்தளை அண்டா, தையல் இயந்திரம், குத்துவிளக்கு எதுவாயினும் எவ்வளவு மலிவாக வந்தாலும் எனக்கு வேண்டாம். அஞ்சல் செலவே விலையை விழுங்கிவிடும். பொருளைக் கையில் எடுத்ததும் எடையை ஊகிக்கும் பழக்கம் எனக்கு வந்துவிட்டது, பெட்டிக்கும் பஞ்சுக்கும் சேர்த்து 400 கிராம் கூட்டிக்கொள்வேன். நெகிழிக்குக் கெடுபிடி உள்ள மாவட்டம் என்பதால் முட்டை அட்டையும் கசக்கிய செய்தித்தாளும்தான் என் பொதிப் பொருள். கண்ணாடிக்கு அதுவே போதுமானதாக இருக்கிறது. அமெரிக்கா 800 டாலர் வரையிலான பொதிகளுக்குத் தந்த சுங்க விலக்கை 2025 ஆகஸ்ட் 29-இல் முடித்துக்கொண்டபோது அந்நாட்டுக்கான அஞ்சல் பொதிகள் இங்கே நிறுத்தப்பட்டு, அக்டோபர் 15-இல்தான் மீண்டும் தொடங்கின. அந்த இடைவெளியில் நான் அமெரிக்காவை விட்டுவிட்டு மற்ற நாடுகளுக்கு மட்டும் விற்றேன். மேட்டுப்பாளையம் சாலையில் மண் சரிந்து இரண்டு நாள் போக்குவரத்து நிற்பதும் எங்களுக்குப் புதிதல்ல. ஐப்பசி, கார்த்திகையில் அனுப்பும் நாளை எப்போதும் இரண்டு நாள் கூட்டியே எழுதுவேன்.

எதைத் தொடக் கூடாது என்பதையும் சொல்லாமல் விடக் கூடாது. பழைய பங்களாச் சுவர்களில் காட்டெருமைத் தலையும் கடமான் கொம்பும் தொங்கும். “சும்மாவே எடுத்துட்டுப் போங்க” என்பார்கள். 1972-ஆம் ஆண்டு வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் இருக்க, அவற்றை வாங்குவதும் விற்பதும் சிறைக்கு வழி. தந்தத்தில் செய்த சிறு பொத்தானும் அதே கணக்கு. நூறாண்டைத் தாண்டிய கலைப்பொருளும் வரலாற்றுப் பொருளும் அதே 1972-இல் வந்த தொல்பொருள் சட்டத்தின் கீழ் வரும். தனியார் எவரும் அவற்றை நாட்டுக்கு வெளியே அனுப்ப முடியாது, உள்நாட்டில் வணிகம் செய்யவும் உரிமம் வேண்டும். ஆண்டு எண் 1930-க்கு முந்தியதாகத் தோன்றும் எதையும் நான் வெளிநாட்டு ஏலத்தில் போடுவதில்லை. மலை இரயிலின் முத்திரை பொறித்த விளக்கு ஒன்று வந்தபோதும், மனத்தைக் கல்லாக்கிக்கொண்டு வேண்டாம் என்றேன். இரயில்வே சொத்தை முறையின்றி வைத்திருப்பதற்கென்றே 1966-இல் ஒரு சட்டம் போட்டிருக்கிறார்கள். அரசு அலுவலகங்கள் கழிக்கும் பொருள்களை முறையாக வாங்க எம்.எஸ்.டி.சி. நிறுவனத்தின் மின்னேலம் இருக்கிறது. இருக்கும் இடத்தில் இருக்கும் நிலையில் மொத்தமாகத் தூக்க வேண்டும், அது லாரி வைத்திருப்பவர்களின் ஆட்டம். சரக்கு சேவை வரிக்குப் பதிவு செய்தவர்கள், பழைய பொருளை வாங்கும்போது கட்டிய வரியை (உள்ளீட்டு வரி) கழித்துக்கொள்ளாதபோது, வாங்கிய விலைக்கும் விற்ற விலைக்கும் உள்ள வேறுபாட்டுக்கு மட்டும் வரி கட்டினால் போதும் என்ற விதியைத் தம் கணக்காளரிடம் கேட்டுத் தெரிந்துகொள்வது நல்லது.

ஐப்பசியில் எடுத்த யாஷிகாவுக்கு வருகிறேன். பூஞ்சணம் பிடித்த தோல் உறையை அன்றே அடுப்பில் போட்டேன். வெளிச்சம் புகாமல் தடுக்கும் பஞ்சு பிசினாகக் கரைந்திருந்தது. ஸ்பிரிட்டில் நனைத்த தீக்குச்சியால் மூன்று மாலைப் பொழுது சுரண்டிப் புதிய பஞ்சு ஒட்டினேன், 450 ரூபாய். அந்தக் கேமராவுக்கான பாதரச மின்கலம் இப்போது கிடைப்பதில்லை. வேறு மின்கலத்தை இடைப்பொருத்தியில் வைத்து ஒளிமானி வேலை செய்வதைக் காட்டிப் படம் எடுத்தேன். பத்தொன்பது படங்கள், அடியில் இருந்த பள்ளத்துக்கு மட்டும் இரண்டு. ஏலம் நம் பணத்தில் 9,600 ரூபாய்க்கு முடிந்தது. வாங்கியவர் ஆஸ்திரேலியாக்காரர், அஞ்சல் செலவு தனியாக அவருடையது. தளத்தின் கட்டணமும் பணமாற்றுச் செலவும் 1,750, பொதிக்கு 120, பேருந்துக்கு 60, பாய்க்குக் கொடுத்த 1,400. எஞ்சியது 5,820. ஒரு கேமராவுக்கு இது நல்ல வருமானம். ஆனால் அந்த மாதம் நான் கையிலெடுத்துப் பார்த்த கேமராக்கள் ஒன்பது, வாங்கியது இது ஒன்றுதான்.

கோத்தகிரிச் சாமான்களில் இரண்டு கெண்டிகளும் பால் குவளையும் இரண்டு ஆண்டு கழித்து, பூச்சு என்று தெளிவாக எழுதிய பிறகு, ஒருவழியாக 3,800 ரூபாய்க்குப் போயின. சர்க்கரைக் கிண்ணத்துக்கு ஆள் வரவில்லை. அலமாரியின் மேல்தட்டில், கேமராக்களுக்கு நடுவே, ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பொட்டலங்களைப் போட்டு வைக்க அது இப்போது பயன்படுகிறது.